வாயா? அலமாரியா?



ஒருவரது குணத்தைக் காட்டுவது வாய்ப்பேச்சு என்கிறது எதிரணி. இல்லைங்கய்யா, புத்தக அலமாரி! எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "வாங்கிப் பூட்டியே வச்சிருக்கானே, அவன் குணம் என்ன?" அதுதாம்மா அவன் குணம்! (சிரிப்பு)

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாமாக ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி! நாம பந்தியில எழுந்ததுமே பத்திரிகையை மறந்துடுவோம். ஊரார் வீட்டு விசேஷத்தைக்கூடப் பத்திரப்படுத்திய மனசு அது. 1992-இல் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடல் கடத்திடலை, சென்னையிலேயே அவர் பெயரில் நூலகமாச்சு. (கைதட்டல்)

எங்க அப்பா அலமாரியில இருந்தது அஞ்சாறு புத்தகம்தான். அவர் போன பிறகு திறந்தேன். கல்லூரி நாளில் நான் கவிதைன்னு கிறுக்கி, குப்பையில போட்ட நோட்டு! பழுப்புத்தாளில் அட்டை போட்டு, மேலே என் பேரைத் தன் கையெழுத்தில் எழுதி வச்சிருக்கார். என்னை ஒருநாளும் வாய்திறந்து பாராட்டாத மனுஷன் ஐயா அவர்!