சொல்லால் ஆன போர்க்களம்

(தனித்தமிழ்ப் பயிற்சி அரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மொழி காக்கும் அரங்கில் விளையாட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆனால் இங்குப் பேசப்பெறும் விளையாட்டு, பந்தும் மட்டையும் கொண்டு ஆடுவதன்று. கண்ணைப் பறிக்கும் படங்களால் ஆனதும் அன்று. முழுக்க முழுக்க எழுத்தால் ஆனது. கணிப்பொறித் திரையில் சொல் தோன்றும். ஆடுபவர் சொல்லால் விடை தருவார். 'வடக்கே செல்' என்று எழுதினால், வடக்கிலுள்ள அறை சொல்லாய் விரியும். 'அடி' என்று எழுதினால், பகைவன்மேல் அடி விழும். சொல்லே நிலம், சொல்லே படைக்கலம், சொல்லே புண். பார்வையற்றோரும், திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளின் துணைகொண்டு, பிறர்க்கு நிகராக நின்று இதில் போரிடுகின்றனர். இத்தகைய ஒன்று மொழியாளர்க்குத் தொடர்பில்லாதது ஆகுமா?

இதன் வரலாறு அறியத்தக்கது. 1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசக்சுப் பல்கலைக்கழகத்து மாணவராகிய இராய் திரப்சா என்பார் இதனைத் தொடங்கினார். பலர் ஒரே நேரத்தில் புகுந்து உலவும் நிலவறை என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார். அவ் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் கூடி 'மட்' என வழங்கலாயிற்று. 1980-இல் அப்பணியை இரிச்சர்டு பார்ட்டில் என்னும் மற்றொரு மாணவர் ஏற்று வளர்த்தார். இதனைச் செய்யுமாறு அவர்களை எவரும் ஏவவில்லை. எவரும் கூலி தரவுமில்லை. கற்ற நேரம் போக எஞ்சிய நேரத்தில், விருப்பம் ஒன்றே உந்த, ஓர் உலகைச் சமைத்தனர்.

அவ்வுலகில் ஒருவர் இயக்கும் மாந்தர் போரில் மாண்டால், அம்மாந்தர் அடியோடு அழிக்கப்பெறுவார். பல நாள் உழைத்துச் சேர்த்த மதிப்பெண்கள் யாவும் ஒரு நொடியில் போகும். ஆகவே வாளை உருவுமுன் எவரும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தனர். போதிய மதிப்பெண் ஈட்டியவரோ மாயவர் நிலைக்கு உயர்ந்து தனியாற்றல்கள் பெற்றனர். அந்நிலைக்கு ஏறப் பிறப்போ செல்வமோ குடிப்பெருமையோ உதவா. பிறப்பை வைத்து ஒருவரை அளக்கும் குமுகத்திற்கு மாறாக, அவரவர் செயலும் பண்புமே உயர்வு தரும் உலகை அமைக்க விரும்பியதாகப் பார்ட்டில் பின்னாளில் கூறியுள்ளார். பிறப்பால் உயர்வு தாழ்வு கூறும் கொடுமையை எதிர்த்து நிற்கும் தமிழர்க்கு இக்கருத்து அயலானதன்று.

இனித் தென்மார்க்கு நாட்டைப் பாருங்கள். அதன் தலைநகராகிய கோபன்கேகன் பல்கலைக்கழகத்தில், 1990, 1991 ஆகிய ஆண்டுகளில், மாணவர் ஐவர் கூடி இன்னொரு 'மட்' எழுதினர். தாம் பயின்ற கணிப்பொறித் துறையின் பெயர்ச் சுருக்கத்தையே முன்னே இட்டுத் 'திகூ மட்' என்றனர். இதில் போரே முதன்மை. ஒவ்வொரு மாந்தர்க்கும் உயிர் இவ்வளவு, கவசம் இவ்வளவு என எண்கள் உண்டு. சில நொடிகட்கு ஒருமுறை பொறி தனக்குள்ளே கவற்றை உருட்டும். விழுந்த எண்ணும் தாக்குபவரின் வலிமையும் கூடி, எதிரியின் உயிரெண்ணைக் குறைக்கும். ஒரு வாள் அளவுக்கு மிஞ்சிய வலிமை பெற்றுவிட்டால் எல்லாரும் அதனையே நாடுவர். மற்றப் படைக்கலங்கள் துருப்பிடிக்கும். ஆட்டம் சுவை கெடும். எனவே ஆக்குவோர் பொற்கொல்லர்போல் ஒவ்வோர் எண்ணையும் நிறுத்து நிறுத்துப் பார்த்தாக வேண்டும்.

அவ்வைவரும் தம் நிரல் முழுவதையும் உலகோர்க்கு வழங்கினர். சில கட்டுப்பாடுகளை வலியுறுத்தினர், அவற்றுள் முதன்மையானவை இவை: இதைக்கொண்டு எவரும் பொருளீட்டலாகாது, வாயிலில் ஆக்கியோர் பெயர் தோன்ற வேண்டும். அந்த வித்தினின்று நூற்றுக்கணக்கான 'மட்'கள் முளைத்தன. பகலில் அலுவலகத்தில் உழைத்தோரும் கல்லூரியில் கற்றோரும் இரவில் அமர்ந்து, ஊதியம் எதிர்பாராமல், அறைகளையும் காடுகளையும் அரண்களையும் எழுதிச் சேர்த்தனர்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குங்கள். தென்மார்க்கு மக்கட்குத் தனிமொழி உண்டு, தனியரசும் உண்டு. ஆயினும் அம் மாணவர்கள் தம் உலகை ஆங்கிலத்திலேயே எழுதினர். மிகப் பலர் வந்து ஆட வேண்டும் என்னும் விழைவு அதற்குக் கரணியமாகலாம். எனினும் அவ்வுலகின் நடுவூருக்கு 'மிட்கார்டு' என்று பெயரிட்டனர். அது அவர்தம் வடபுல முன்னோர் மாந்தருலகிற்கு இட்ட பெயர். அந்நிரலைப் பெற்றுக்கொண்ட பிறநாட்டார் பலரும் முதலில் கால்வைத்தது மிட்கார்டில்தான். ஆக்குபவன் எவனோ, அவன் முன்னோர் பெயரே ஊர்ப்பெயராகும். நுகர்வோனுக்கு அவ்வுரிமை இல்லை. இவ்வுண்மை தமிழிளைஞர் நெஞ்சில் தைக்க வேண்டும்.

போர் மட்டுமே போதும் என்று ஆடுவோர் நிறைவடையவில்லை. 1996-இல் பார்ட்டில் எழுதிய கட்டுரையொன்றில் ஆடுவோரை நால்வகைப்படுத்தினார்: ஈட்டுவோர், துருவித் தேடுவோர், பழகி மகிழ்வோர், தாக்கி வெல்வோர். தாக்குவோர் மிகுந்தால் மற்றையோர் சிலர் அகல்வர் என்பதையும் அதில் காட்டினார். இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாய் அமைந்தவை, ஆடுவோரே கதையை நடத்திச் செல்லும் 'மட்'கள். அங்குக் கவற்றைவிடச் சொல்லுக்கே மதிப்பு மிகுதி. ஒருவர் தம் மாந்தரின் செயலை எழுதுவார். எதிராளி அதற்கு விடையாகத் தம் மாந்தரின் செயலை எழுதுவார். பலவிடங்களில் உள்ள நெறி இது: வாளை ஓங்கியதாக எழுதலாம், வெட்டு விழுந்தது என்று தாமே எழுதிவிடலாகாது. விழுந்ததா, விலகிற்றா என்பதை எதிராளியே எழுத வேண்டும். தன் தோல்வியைத் தன் கையாலேயே அழகுற எழுதும் மறவனை அக்களம் போற்றுகிறது. வெறுந்தாக்குதலாய் இருந்தது, பண்பட்ட கலையாய் மலர்ந்தது.

தமிழில் இதனைச் செய்ய முடியுமா? பண்டைய 'மட்'கள் உரோம எழுத்துகட்கே இடங்கொடுத்தன. ஆனால் ஒருங்குறியில் 1991-இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. எழுத்தில்லை என்று இனிச் சாக்குக் கூறுதற்கு இடமில்லை.

எஞ்சியது இலக்கணம். ஆங்கிலக் கட்டளையில் வினை முதலில் வரும். செயப்படுபொருள் பின்னே வரும். ஆகவே முதற்சொல்லை வினையெனக் கொள்ளுமாறு பொறியைப் பழக்கினர். தமிழில் வினை இறுதியில் நிற்கும். 'வாளால் பகைவனை வெட்டு' என்றாலும், 'பகைவனை வாளால் வெட்டு' என்றாலும் பொருள் மாறாது. எது கருவி, எது செயப்படுபொருள் என்பதை உருபே காட்டிவிடும். இது பொறிக்குப் பேருதவி. ஆனால் உருபைப் பிரிக்கப் பொறிக்குப் புணர்ச்சி கற்பிக்க வேண்டும். 'மரத்தை' என்பதில் மரம், அத்து, ஐ என மூன்றும் உண்டென அது அறிய வேண்டும். 'வாளை எடு' என்றால் எடுக்க வேண்டியது வாளா, வாளைமீனா? அறைக்குள் இருப்பது எது என்று பார்த்தே பொறி தெளிய வேண்டும். இவற்றை வகுத்துத் தர யாரால் இயலும்? நன்னூல் கற்றவரும் நிரல் கற்றவரும் ஒரே பலகையில் அமர்ந்தால் இயலும்.

போர்க்கதைக்குக் கட்டமைப்பும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆநிரை கவரும் வெட்சி, படையெடுக்கும் வஞ்சி, அரண் முற்றும் உழிஞை, எதிர்நின்று பொரும் தும்பை, வென்று விளங்கும் வாகை எனத் தொல்காப்பியப் புறத்திணை படிப்படியாய் நிற்கிறது. ஆநிரையைக் கவர்வதா, மீட்பதா என்பதை ஆடுவோரே முடிவு செய்யட்டும். கதை தானே நடக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லாம் தமிழில் முன்பே உண்டு என்று மார்தட்டி வீடு திரும்புவது எளிது. தொல்காப்பியத்தில் திணை உண்டு; நிரல் இல்லை. அதை எழுதுவோர் இன்று வேண்டும். 'எடு' என்னும் தமிழ் ஏவலுக்கு ஒரு பொருள் அசையுமானால், 'திற' என்றால் ஒரு கதவு திறக்குமானால், அங்கே தமிழ் வாழ்கிறது. எவ்வளவு இனிய மொழியாயினும், அதன் ஏவலுக்கு எதுவும் அசையாத இடத்தில் அது வெறும் பழம்பெருமையே.

ஆகவே இளைஞர்களே, பெரும்பொருள் வேண்டா. பேரரசின் ஆணை வேண்டா. எசக்சில் தொடங்கியவர் ஒரு மாணவர். கோபன்கேகனில் கூடியோர் ஐவர். கிழமைக்கு இரண்டு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். முதலில் ஓர் அறை எழுதுங்கள். அதற்கொரு கதவு வையுங்கள். 'திற' என்றால் அது திறக்கட்டும். மற்றவை அந்தக் கதவின் வழியே வரும்.

தமிழ் வெல்க!