சுழலும் பிளேடும் பத்து விரலும்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் கட்டடத் தொழிலாளர்கள், தச்சர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



பஞ்சாபில் கோதுமை அதிகம் விளையும். ஒரு காலத்தில் அங்கே மாடு கட்டிப் போரடித்தார்கள். 1960-களின் கடைசியில் புதிய கோதுமை விதைகள் வந்தன. விளைச்சல் பெருகியது. மாடு மிதித்து முடிக்க நாள் போதவில்லை. அப்போது கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. கரண்டிலும் ஓடும், டிராக்டரிலும் ஓடும். பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் என்று எங்கும் பரவியது. பத்து நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது.

கூடவே கை இழந்தவர்களும் பெருகினார்கள்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு வாய் இருக்கும். அதில் கதிர்க்கட்டைத் தள்ள வேண்டும். வாய்க்கு மிக அருகிலேயே, உள்ளே, பல் வைத்த உருளை சுற்றிக்கொண்டிருக்கும். கதிர் சில சமயம் சிக்கி நிற்கும். தள்ளுகிறவர் கையால் அழுத்துவார். உருளை வெடுக்கென்று கதிரை இழுக்கும். கதிரோடு கையும் போகும். அறுவடைக் காலத்தில் இரவு பகல் பாராமல் வேலை நடக்கும். தூக்கம் இருக்காது. சிலர் அலுப்புத் தீரக் குடித்துவிட்டும் நிற்பார்கள். சட்டைக் கையும் வளையலும் சிக்கிப் போனவர்களும் உண்டு.

கவனம் இல்லை, அதனால் கை போயிற்று என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரண்டாம் நாள் இரவு, தூங்காத மனிதனுக்குக் கவனம் எங்கிருந்து வரும்? அதனால் இயந்திரத்தின் வாயையே மாற்றினார்கள். கதிர் தள்ளும் தொட்டியைச் சுமார் 3 அடி நீளமாக்கினார்கள். உருளைப் பக்கத்துப் பாதியை மேலே மூடினார்கள். இப்போது கையை முழுதாக நீட்டினாலும் உருளையைத் தொடுவது கஷ்டம். 1983-ல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று அதற்குப் பெயர். விற்கிறவருக்கும் செய்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது. கை போனவர் மேல் மட்டும் பழி போடும் பேச்சுக்கு அது ஒரு பதில்.

கோதுமைக் களத்துக் கதை இங்கே எதற்கு என்று தோன்றும். இன்று எந்த ஊரில் வீடு கட்டினாலும் கரண்டில் ஓடும் கை இயந்திரம் இல்லாமல் வேலை இல்லை. கம்பி அறுக்க, டைல்ஸ் வெட்ட, சுவரில் துளை போட, பலகை இழைக்க, எல்லாவற்றுக்கும் மெஷின். அந்தப் பெரிய இயந்திரத்தில் இருந்த ஆபத்து இப்போது சின்னதாகி, தொழிலாளியின் இரண்டு கைக்கு நடுவிலேயே வந்துவிட்டது.

4 அங்குல கிரைண்டிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். கட்டிங் மெஷின் என்றும் சொல்வார்கள். இது ஒரு நிமிடத்தில் சுமார் 11,000 தடவை சுற்றும். வீலின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ரயிலை விட வேகம். ஏதோ தவறாகிவிட்டது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கை நகர்வதற்குக் கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் வீல் 45 தடவை சுற்றிவிடும். அதனால், தவறு நடந்தால் சட்டென்று கையை எடுத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது.

வீலுக்கு மேல் பாதி வட்டமாக ஓர் இரும்பு மூடி இருக்கும். கார்டு என்பார்கள். வீல் உடைந்தால் துண்டுகள் முகத்துக்கு வராமல் தடுப்பது அதுதான். பல சைட்டுகளில் முதல் நாளே அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். ஏன்? கார்டு இருந்தால் ஆழமாக வெட்ட முடியாது. பெரிய வீல் மாட்ட முடியாது. வேலை தாமதமாகும். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குத் தாமதம் என்றால் பணம். இதை மறைத்துப் பேசிப் பயன் இல்லை. கார்டைக் கழற்றுகிறவர் முட்டாள் இல்லை. அவருக்குக் கூலிக் கணக்கு அப்படி. ஆனால் ஒரு விரல் போனால் எத்தனை மாதக் கூலி போகும் என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும் அல்லவா? தச்சருக்குக் கட்டைவிரல் போனால் உளி பிடிப்பது எப்படி?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடைக் கிரைண்டிங் மெஷினில் மாட்டுவது. நாடு முழுக்க இதைச் செய்கிறார்கள். மரம் அறுக்கும் மெஷினுக்கு விலை அதிகம், கிரைண்டிங் மெஷின் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம். பல் மரத்தில் கடித்து நின்றால், மெஷின் பின்னால் துள்ளும். பிடித்திருப்பவரின் தொடைக்கோ கழுத்துக்கோ வரும். மரம் அறுக்கும் மெஷினில் விரலை எடுத்தால் ஸ்விட்ச் தானாக அணையும்படி வைத்திருப்பார்கள். கிரைண்டிங் மெஷினில் பெரும்பாலும் தள்ளு ஸ்விட்ச். ஒரு முறை தள்ளினால் தள்ளியபடியே நிற்கும். மெஷின் கையை விட்டுத் துள்ளிக் கீழே விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். கிரைண்டிங் மெஷினில் பல் பிளேடு போடவே கூடாது.

இனி, எழுத்துக் கற்றவருக்கு ஒரு வேலை. புது வீல் வாங்கினால் அதன் மேல் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கும். மெஷினின் தகட்டிலும் அது எத்தனை சுற்று சுற்றும் என்று எண் இருக்கும். வீலின் எண் மெஷினின் எண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 7 அங்குல வீலில் சுமார் 8,500 என்று போட்டிருக்கும். அதை 11,000 சுற்றும் 4 அங்குல மெஷினில் மாட்டினால் என்ன ஆகும்? வீல் சிதறும். கணக்குப் பாடத்தில் படித்த பெரிய எண், சிறிய எண் பாடம்தான் இது. வீலில் காலாவதித் தேதியும் இருக்கும். நனைந்த வீல், கீழே விழுந்த வீல், ஓரம் பிளந்த வீல், எதுவும் ஆகாது. ஒரு வீலின் விலை ஒரு டீக்கும் வடைக்கும் ஆகும் காசுதான். அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

துளை போடும் டிரில் மெஷின் பார்க்கச் சாதுவாக இருக்கும். அதிலும் இரண்டு விஷயம் உண்டு. பிட்டை இறுக்கும் சாவியை எடுக்காமல் ஸ்விட்ச் போட்டால், சாவி கல் போலப் பறக்கும். பிட் சுவருக்குள் கம்பியில் சிக்கினால், பிட் நிற்கும், மெஷின் சுற்றும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். அதற்குத்தான் பக்கத்தில் ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறார்கள். டிரில் பிடிக்கும்போது துணிக் கையுறை வேண்டாம். நூல் பிட்டில் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துண்டு, சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் லுங்கி, அவிழ்ந்த கூந்தல், எதுவும் சுழலும் பொருளின் பக்கத்தில் கூடாது.

கரண்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். சைட்டில் அடிக்கடி காணும் காட்சி மட்டும் இங்கே போதும். பிளக் உடைந்திருக்கும். ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் அடைத்து வைப்பார்கள். கீழே தண்ணீர் தேங்கியிருக்கும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். ஓர் ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். இதற்கு ஒரு பாதுகாப்புக் கருவி உண்டு. ஆர்.சி.சி.பி. என்பது அதன் பெயர். கரண்ட் வழி தவறி உடம்பின் வழியாக மண்ணுக்குப் போகத் தொடங்கினால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கருவி என்று கேட்டு வாங்க வேண்டும். 60 வாட் குண்டு பல்பு எடுக்கும் கரண்டில் ஒன்பதில் ஒரு பங்கு அது. சைட் போர்டில் இது இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேட்பது தவறே இல்லை. அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது.

தூசியை யாரும் விபத்து என்று நினைப்பதில்லை. இங்கே பலருக்கு முதல் எழுத்து எழுதிய சிலேட்டுக் குச்சி நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்ற பகுதியில் அந்தக் குச்சிகளைச் செய்தார்கள். கரண்ட் ரம்பத்தில் கல்லை அறுக்கும்போது எழும் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கல்லாகி, இளம் வயதிலேயே பலர் இறந்துபோனார்கள். சிலிக்கோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். வந்தால் குணமாகாது. கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் வெட்டும் தூசியிலும் அதே சிலிக்காதான் இருக்கிறது. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் மேலே சொன்ன கருவி கட்டாயம் வேண்டும். மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்ணிய தூசியைத் தடுக்காது.

கவனம் என்பதை ஒரு குணம் போலப் பேசுகிறார்கள். உண்மையில் அது பசி, தூக்கம் மாதிரி. காலையில் இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் குறையும், மாலை இருட்டும்போது தீர்ந்துபோகும். அதனால் ஆபத்தான வெட்டுகளை முற்பகலில் முடித்துக்கொள்வது நல்லது. வேலை நடக்கும்போது செல்போன் சட்டைப்பையில் வேண்டாம், பையில் இருக்கட்டும். வெட்டிக்கொண்டிருப்பவரை யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, தோளைத் தட்டக் கூடாது. எதிரே வந்து, வீல் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் வீல் சில விநாடி சுற்றும். மெஷினைக் கீழே வைக்க அவசரப்பட்டுக் காலில் வெட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் மெஷினைத் தொடாமல், அளவு எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிற தச்சர்கள் உண்டு. அவர்கள்தான் அனுபவசாலிகள்.

இத்தனைக்கும் பிறகு விரல் துண்டாகிவிட்டால்? காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள், காப்பித்தூள் வைக்கக் கூடாது. துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸின் மேல் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும். 108-க்குப் போன் செய்து, விரலை ஒட்டவைக்கும் வசதி உள்ள மருத்துவமனை எது என்று கேட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது இந்தியாவில் 1923 முதல் சட்டம். 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996-ன் சட்டப்படி மாநிலங்களில் நலவாரியங்கள் அமைந்தன. 18 வயது முடிந்து 60 வயது ஆகாதவர், முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். அந்த 90 நாளை எப்படிக் காட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு நோட்டில் தேதி, சைட் இருக்கும் தெரு, மேஸ்திரி பெயர், கூலி என்று அன்றன்றைக்கே எழுதி வைத்தால் நல்லது. வாரம் ஒரு முறை மேஸ்திரியிடம் அதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பேனாவில் எழுத வேண்டும். பென்சிலில் எழுதினால் பிறகு அழித்து எழுதியது என்று சொல்லிவிடுவார்கள்.