மோட்டார் வண்டியும் அதன் புகையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆயுத பூசையன்று நாம் வண்டியைக் கழுவி, திருநீறு பூசி, சந்தனப் பொட்டிட்டு, சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அன்றைக்கேனும் யாராவது குனிந்து அதன் புகைக்குழாயைப் பார்த்ததுண்டா? பின்னால் நடந்து வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அதன் குணம் நன்கு தெரியும். ஆதலால் இன்று அக்குழாயைப் பற்றியே சில வார்த்தைகள் பேச எண்ணினோம்.

ஒரு கிலோ பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நுவரெலியாவோ கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். கொழும்புக் காற்றுக்கென்று திருகி வைத்த காபரேற்றர் வண்டி இங்கு ஏறி வந்ததும் கரும்புகை கக்குவது இதனாலேயே. எரியாமல் மிஞ்சிய பெற்றோல் ஆவி ஒன்று. நிறமும் மணமுமின்றி உயிரைக் குடிக்கும் காபனோரொட்சைட்டு ஒன்று. எஞ்சினின் கடும் உஷ்ணத்திலே பிறக்கும் நைதரசன் ஒட்சைட்டுகள் மற்றொன்று. குழாயில் வரும் நஞ்சுகளுள் இம்மூன்றுமே பிரதானமானவை.

இவற்றை அடக்குவதற்காக, எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே ஒரு பெட்டியை அமைத்தார்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இது பரவலாயிற்று. அதனுள்ளே தேனடை போன்ற நுண்துளைகளுடைய பீங்கான் கட்டி. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்களின் பூச்சு. தாம் மாறாமலே பிறவற்றை மாறச் செய்வது இவற்றின் இயல்பு. ஆகவே இவற்றை ஊக்கி என்பர். இப்பெட்டியைக் கடக்கையில் அம்மூன்று நஞ்சுகளும் பெரும்பாலும் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாறிவிடுகின்றன. ஆனால் சுமார் 300 பாகை சூடேறிய பின்னரே அது நன்றாக வேலை செய்யும். மூடுபனிக் காலையில் லயத்திலிருந்து கடைத்தெரு வரை அரை மைல் ஓடி நிற்கும் வண்டியில், பெட்டி கண் விழிக்குமுன் பயணம் முடிந்துவிடுகிறது!

குழாயில் பொருத்திய ஒட்சிசன் உணரி, மிஞ்சிய ஒட்சிசனை அளந்து கணினிக்குச் சொல்ல, அது பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. புதிய கார்கள் மலையேறியும் கறுப்பாகப் புகையாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பெட்டி கெடுவது எப்படி? தானாகச் சாவது அரிது; பெரும்பாலும் கொல்லப்படுகிறது. முன்னாளில் பெற்றோலில் கலந்த ஈயம் அதன் பூச்சை மூடிக் கெடுக்கும். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002-இல் நிறுத்தப்பட்டது. இன்று அந்த வேலையைச் செய்வது எரியும் எஞ்சின் எண்ணெய். அதனிலும் கொடியது, பிளக் சரியாகப் பொறி தராமை. எரியாத பெற்றோல் பெட்டிக்குள் சென்று எரியும். பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். பற்றரி இறங்கினால் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வித்தை மலைநாட்டவராகிய நமக்குக் கைவந்தது. அதிலும் இதே ஆபத்து உண்டு. வேறொரு பற்றரியிலிருந்து வயர் கொடுப்பதே நலம்.

எமது உறவினர் ஒருவரின் பழைய கார் கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சுத் திணறிற்று. "பெட்டி அடைத்துவிட்டது, பீங்கானை உடைத்துக் கொட்டிவிடலாம்" என்றார் ஒரு கராஜ்காரர். செலவுக்குப் பயந்து நாமும் சம்மதிக்க இருந்தோம். உடன் வந்த பெரியவர் மட்டும், "ஏன் அடைத்தது, தம்பி?" என்று கேட்டார். வேறிடத்தில் சோதித்தபோது ஒரு கொயில் பழுதென்று தெரிந்தது. எஞ்சின் உதறிய முதல் வாரத்திலேயே அதை மாற்றியிருந்தால் பெட்டி பிழைத்திருக்கும். கொயிலை மாற்றாமல் புதுப் பெட்டி போட்டிருந்தால் அதுவும் உருகியிருக்கும். உடைத்துக் கொட்டியிருந்தாலோ, நம் செலவைப் பாதையில் நடக்கும் பிள்ளைகளின் நெஞ்சில் ஏற்றியவர்களாவோம்.

2008 முதல் நடைமுறைக்கு வந்த வருடாந்தப் புகைச் சோதனை ஒரு நாளைய சோதனைதான். மற்ற நாட்களில் நம் கண்களே சோதனை. கரும்புகை என்றால் பெற்றோல் மிகுதி. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. குளிர்காலையில் தோன்றும் வெண்புகை வெறும் நீராவி. அது வண்டி சூடேறிய பின்னும் நில்லாவிடில், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். ஓடிவந்த காரைக் காய்ந்த பத்தனைப் புல்லின்மேல் நிறுத்தாதீர்கள். பெட்டியின் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

நம் அன்பர்கள் ஓட்டும் பழைய முச்சக்கர வண்டிகள் பலவற்றில் இப்பெட்டியே கிடையாது. அவற்றுக்குக் காபரேற்றரை இம்மலைக் காற்றுக்கேற்பத் திருத்துவதே வழி. வாயிலில் நாலைந்து வண்டிகள் நிற்கின்றன. கூட்டம் முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து பார்ப்போம், வாருங்கள்.