நோயுற்ற நாளில் வேலை

(குண்டனி நாட்டில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அதனை எனக்கு முன்னர்ப் பேசியோர் அழகுறச் சொல்லிவிட்டனர். படித்துப் பெற்ற வேலையை நோய் வந்த நாளில் காத்துக்கொள்வது எப்படி என்பதையே நான் சொல்ல விரும்புகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையிறங்கும் நம் பிள்ளைகள் நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கும், சேகோ ஆலைகளுக்கும், கோழிப் பண்ணைகளுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் செல்கின்றனர். நிலமற்றவனுக்கு வேலை ஒன்றே சொத்து. காசநோயோ புற்றுநோயோ கண்டுவிட்டால், அந்தச் சொத்துத்தான் முதலில் கைநழுவுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அக்காலத்திலேதான், 1944-இல், பேராசிரியர் அடார்கர் தொழிலாளரின் நோய்க் காப்பீடு குறித்த அறிக்கையை அளித்தார். அதன் வழிவந்ததே 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். சிகிச்சைக் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யலாகாது, அக்காலத்தில் தரும் நீக்க அறிவிப்புச் செல்லாது என்று அதன் 73-ஆம் பிரிவு விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தில் வந்துவிட்டது. ஆகவே பழைய பிரிவெண்ணை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். தொழிலாளர் அலுவலகத்தில் இன்றைய விதியைக் கேட்டறிந்து எழுதுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்றவர் சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள்வரை நூற்றுக்கு 70 பங்கு ஊதியம் பெறலாம். காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்ற 34 கொடிய நோய்களுக்கு ஈராண்டுவரை 80 பங்கு உண்டு. ஆனால் அதற்கு ஈராண்டு தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெயரை அடித்து மறுபடி எழுதும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவனுக்கு அந்த ஈராண்டு எப்போது நிறையும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்னர் அது மிகுந்து காணப்பட்ட மாவட்டங்களுள் நம் நாமக்கல்லும் ஒன்று. பம்பாயில் அரசுத்துறை நிறுவனம் ஒன்றில் உழைத்த தற்காலிகக் கூலித் தொழிலாளி ஒருவரை, அக்கிருமி இருப்பதைக் காட்டி வேலையினின்றும் விலக்கினர். பெயரை வெளியிடாமலே அவர் வழக்காடினார். உழைக்கும் வலு இருக்கையில், பிறர்க்கு ஆபத்தில்லாத நிலையில், கிருமியைக் காரணங்காட்டி மட்டும் வேலையை மறுக்கலாகாது என்று 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் நிரந்தர ஊழியர் அல்லர்! இன்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் அத்தகைய பாகுபாட்டைத் தடுக்கிறது. அது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணியில் இருப்போர்க்கு வேறொரு காப்பும் உண்டு. பணிக்காலத்தில் நோயினால் ஊனமுற்றவரை நீக்காமல், அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

இத்தனையும் இருக்க, நம்மவர் வேலையை இழப்பது எவ்வாறு? பெரும்பாலும் எவரும் அவர்களை நீக்குவதில்லை. காய்ச்சலும் இருமலும் கண்டவுடன் ஒருவருக்கும் சொல்லாமல் மலையேறி வந்து படுத்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துச் சென்றால், ‘தானாக நின்றுவிட்டார்’ என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். நீக்கமே நிகழவில்லை என்று முதலாளி சாதிக்கும்போது, எந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவது? விடுப்புக் கடிதம் ஒன்று கையிலிருந்தால் அந்த எழுத்துப் பொய்யென்று காட்டலாம்.

எனவே இளைஞர்களே, வேலையில் சேரும்போதே நியமனக் கடிதமும் இ.எஸ்.ஐ. எண்ணும் கேட்டு வாங்குங்கள். நோயுற்றால் மருத்துவச் சான்றிதழை இணைத்து விடுப்புக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோயின் பெயரை ஊரறியச் சொல்ல வேண்டுவதில்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மலையிறங்கும் பிள்ளைகளின் கடித நகல்களை வைக்க இந்தக் கட்டிடத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். கடிதம் எழுதத் தெரிந்த இருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே வந்து அமரட்டும். முதல் மாதம் நானும் வருகிறேன்.