பிள்ளைகளோடு பயணமா? கையில் ஒரு சம்மதக் கடிதம் இருக்கட்டும்

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் எங்கள் வீடுகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். லண்டனில் மாமா, பாரிசில் சித்தி, சுவிசில் பெரியப்பா, யாழ்ப்பாணத்தில் அம்மம்மா என்று நாலா திசையும் சிதறிப்போன சனம் நாங்கள். ஒரு கல்யாணம், ஒரு கோயில் திருவிழா, ஒரு அந்தியேட்டி என்றாலும் விமானம் ஏறித்தான் போகவேண்டும். ரிக்கற் எடுப்போம், பெட்டியின் நிறையை மூன்று தரம் தூக்கிப் பார்ப்போம், யார் யாருக்கு என்ன சாமான் என்று பட்டியல் போடுவோம். இத்தனை ஆயத்தத்துக்குள்ளும் நாங்கள் மறந்துபோகிற ஒரு கடதாசி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் சட்டத்தரணி அல்ல. இரண்டு பிள்ளைகளின் தாய். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் என் தங்கையின் கல்யாணத்துக்காக ஐரோப்பிய நாடொன்றுக்குப் போனேன். கணவருக்கு வேலைத்தலத்தில் லீவு கிடைக்கவில்லை. மகனுக்கு அப்போது ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மூன்று பேரும் கனடியக் கடவுச்சீட்டோடு போய் இறங்கினோம். வரிசையில் எங்கள் முறை வந்தது. அதிகாரி மூன்று கடவுச்சீட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இந்தப் பிள்ளைகள் யாருடையவர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. என்னுடைய பிள்ளைகள் என்றேன். அதற்கு அத்தாட்சி கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் குடும்பப்பெயர் என் தகப்பனாரின் பெயர். பிள்ளைகளின் குடும்பப்பெயர் என் கணவரின் பெயர். என் கணவருடையதோ அவருடைய தகப்பனாரின் பெயர். ஒரே வீட்டில் நான்கு பேர், மூன்று குடும்பப்பெயர்கள். எங்கள் வழக்கம் தெரியாத ஒருவருக்கு நாங்கள் ஒரு குடும்பம் என்று எப்படித் தெரியும்? கனடியக் கடவுச்சீட்டில் தாய் தகப்பன் பெயரும் இல்லை.

அடுத்ததாக அவர் மகனோடு பேசினார். அன்பாகத்தான் கேட்டார். அப்பாவைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? முந்தநாள் இரவு என்றான். விமான நிலையத்துக்கு அப்பா வந்தாரா? இல்லை என்றான். நீங்கள் புறப்படும்போது அப்பா எங்கே இருந்தார்? தெரியாது என்றான். ஒன்றும் பொய் இல்லை. தகப்பன் இரவு வேலை. நாங்கள் புறப்பட்ட நேரம் அவர் மேலதிக வேலைக்குப் போய்விட்டார். எங்களைக் கொண்டுபோய் விட்டது அவருடைய சிநேகிதர். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கு அந்த மூன்று பதிலும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்களை ஒரு பக்கத்து அறையில் இருத்தினார்கள். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்கள், யாரும் இல்லை. கணவரின் வேலைத்தலத்தில் கைத்தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவர் இடைவேளைக்கு வெளியே வந்து பார்க்கும்வரை இரண்டரை மணித்தியாலம். வெளியே தங்கை மாப்பிள்ளை வீட்டாரோடு காத்துக்கொண்டு நின்றாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?" என்று கேட்டாள்.

நேயர்களே, அந்த வாங்கில் இருந்தபோது எனக்கு வவுனியா ஞாபகம் வந்தது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு அம்மாவும் தங்கையும் நானும் வவுனியாவுக்கு வந்தோம். அந்தப் பக்கம் விட்டு வெளிக்கிட ஒரு பாஸ், அதற்குப் பிணை நிற்க ஒரு ஆள். இந்தப் பக்கம் வந்தால் முகாம், அங்கிருந்து நகர இன்னொரு பாஸ். எங்கே போகிறாய், யார் வீட்டில் நிற்பாய், எத்தனை நாள் என்று அதே கேள்விகள். கடதாசி கேட்கிறவனைக் கண்டால் வயிற்றைக் கலக்கும் எங்களுக்கு. அதனால்தான் வெளிநாட்டில் ஒரு அதிகாரி சாதாரணமாகக் கேட்டாலும் எங்களுக்குக் கோபமும் வருகிறது, பயமும் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் வாய் தடுமாறும். வாய் தடுமாறினால் சந்தேகம் இன்னும் கூடும்.

கடைசியில் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தரும்போது அந்த அதிகாரி சொன்னதன் கருத்து இதுதான்: உங்கள் பிள்ளைகளை வேறு யாரோ ஒருவர் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், நான் கேட்காமல் விடுவதை நீங்கள் விரும்புவீர்களா?

எனக்குப் பதில் வரவில்லை. வவுனியாவில் எங்களைக் கேட்டது எங்களை மறிப்பதற்கு. இங்கே கேட்பது பிள்ளைக்காக. கேள்வி ஒன்றுதான், நோக்கம் வேறு. இது எனக்கு விளங்கப் பல நாள் சென்றது.

ஏன் கேட்கிறார்கள்? பிரிந்துபோன தாயோ தகப்பனோ மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவது உலகம் முழுவதும் நடக்கிறது. அப்படிக் கொண்டுபோன பிள்ளையை அது வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காக 1980ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவானது. கனடா அதில் தொடக்கத்திலேயே சேர்ந்த நாடு. இலங்கை 2001இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. சேராத நாட்டுக்குப் போன பிள்ளையைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். கனடாவின் குற்றவியல் சட்டத்திலும், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெற்றவரே கடத்துவது குற்றம் என்று 282ஆம், 283ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஆகவே எல்லையில் நிற்கிறவர் கேட்கத்தான் வேண்டும்.

சரி, அந்தக் கடிதம் கட்டாயமா? கனடியச் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் பிள்ளை தனியாகவோ, தாய் தகப்பனில் ஒருவரோடு மட்டுமோ, அம்மம்மா, மாமா, சிநேகிதர், விளையாட்டுக் குழு என்று வேறு யாரோடுமோ போனால் சம்மதக் கடிதம் ஒன்றைக் கொண்டுபோகும்படி கனடிய அரசாங்கம் சொல்கிறது. போகிற நாட்டில் கேட்கலாம், விமான நிறுவனம் கேட்கலாம், திரும்பி வரும்போது கனடாவிலும் கேட்கலாம். காரில் பஃபலோவுக்குப் போய்ப் பின்னேரம் திரும்புகிற பயணத்துக்கும் இது பொருந்தும். கடிதம் இருந்தாலும் சில நாடுகள் வேறு பத்திரங்கள் கேட்கக்கூடும். அந்தந்த நாட்டின் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். பிரான்சில் வாழும் உறவினர்கள் பிள்ளையை மாமாவோடோ சித்தியோடோ இங்கே அனுப்புவதானால், 2017 ஜனவரி 15 முதல் அங்கே பெற்றவர் ஒருவர் கையெழுத்திட்ட அரசாங்கப் படிவம் கட்டாயம். அதையும் அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கடிதத்தில் என்ன எழுதவேண்டும்? பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், கடவுச்சீட்டு இலக்கம். கூட்டிப்போகிறவரின் பெயர், பிள்ளைக்கு அவர் என்ன முறை, அவருடைய கடவுச்சீட்டு இலக்கம். எந்த நாடு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, யாருடைய வீட்டில் தங்குவது, அந்த வீட்டு விலாசம். சம்மதம் கொடுக்கிறவரின் விலாசம், தொலைபேசி, கையெழுத்து. மாதிரிப் படிவம் கனடிய அரசாங்கத்தின் பயண இணையத்தளத்தில் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கடிதம் எழுதுங்கள். ஒரு பிள்ளை முதலே திரும்ப வேண்டி வந்தால் உதவும். பிரதி அல்ல, மூலக்கடிதமே பயணத்தில் இருக்கவேண்டும்.

எங்கள் ஆட்கள் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள். ஒன்று, பெயரின் எழுத்து. கடவுச்சீட்டில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தும் இருக்கவேண்டும். ஒரே பெயரை நாங்கள் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிற ஆட்கள். இரண்டு, தொலைபேசி இலக்கம். வேலைத்தலத்தில் அவசரத்துக்கு எடுக்கக்கூடிய இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். நான் இரண்டரை மணித்தியாலம் இருந்து படித்த பாடம் அது. மூன்று, பிறப்புச் சான்றிதழ். ஒன்ராறியோவில் இரண்டு வகை உண்டு. சிறிய வகையில் தாய் தகப்பன் பெயர் இருக்காது. பெற்றோர் விபரம் உள்ள வகையை எடுத்து, ஒரு பிரதியைப் பயணப்பையில் வைத்திருங்கள்.

கையெழுத்தை யாருக்கு முன்னால் வைப்பது? சாட்சி யாராக இருந்தாலும் போடலாம். ஆனால் சட்டத்தரணி, நொத்தாரிசு, சத்தியப் பிரமாண ஆணையாளர் ஆகியோரில் ஒருவர் உறுதிப்படுத்தினால் எல்லையில் கேள்வி குறையும். சில மக்கள் பிரதிநிதிகளின் தொகுதி அலுவலகங்களில் இதை இலவசமாகவும் செய்து தருகிறார்கள். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒன்ராறியோவில் 2020 ஆகஸ்ட் முதல் சத்தியக் கடதாசிகளைக் காணொளி அழைப்பு மூலமாகவும் உறுதிப்படுத்தலாம். தூர இடத்தில் வேலை செய்கிற தகப்பன்மாருக்கு அது வசதி.

என் கணவர் முதலில் சிரித்தார். "என்ரை பிள்ளையளை நீ கூட்டிக்கொண்டு போறதுக்கு நான் கடிதம் தரவேணுமோ?" என்றார். பிறகு, அந்த அறையில் மகள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அடுத்த பயணத்துக்கு அவரே போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தார்.

ஒற்றுமையாக வாழ்கிற குடும்பத்துக்கு இது ஒரு மணித்தியால வேலை. பிரிந்து வாழ்கிறவர்களுக்குத்தான் இது பாரம். அதைப் பேசாமல் போனால் நான் பாதியைத்தான் சொன்னதாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி கணவனைப் பிரிந்து பிள்ளைகளோடு இருந்தார். யாழ்ப்பாணத்தில் தாயார் படுக்கையில். பேரப்பிள்ளைகளைப் படத்தில்தான் பார்த்தவர். கூட்டிப்போகத் தகப்பனின் கையெழுத்து வேண்டும். "அந்த மனிசனிட்டைப் போய்க் கேக்கமாட்டன், கேட்டாலும் தராது" என்று சகோதரி இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். தாயார் போய்விட்டார். செத்தவீட்டுச் செய்தி கேட்டுத் தொலைபேசி எடுத்த கணவர், "ஒருக்கால் கேட்டிருந்தால் வைச்சிருப்பனே" என்றாராம். உண்மையாகவே வைத்திருப்பாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் கேளுங்கள். வாயால் கேட்கக் கஷ்டமென்றால் எழுத்தில் கேளுங்கள், அல்லது இரண்டு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவர் மூலம் கேளுங்கள். திரும்பி வருகிற ரிக்கற்றின் பிரதியைக் கொடுங்கள். எந்த நாட்களில் பிள்ளைகள் தகப்பனோடு, அல்லது தாயோடு, தொலைபேசியில் பேசுவார்கள் என்று சொல்லுங்கள். பயப்படுகிறவருக்கு அது ஆறுதல். கையெழுத்து வைக்க வேண்டியவருக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் கோபம் பிள்ளையின் தாயோடு, அல்லது தகப்பனோடு. அம்மம்மாவைப் பார்க்கப் போகிற பிள்ளையோடு அல்ல. ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவரமாட்டார்கள் என்று உண்மையான பயம் இருந்தால் கையெழுத்து வைக்கவேண்டாம். உடனே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

மற்றவர் காரணமில்லாமல் மறுத்தால், அவருடைய கையெழுத்து இல்லாமலே பயணம் போக நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். அதற்கு நாள் எடுக்கும். ரிக்கற் எடுத்த பிறகு ஓடாதீர்கள், முதலே தொடங்குங்கள். ஒன்ராறியோவின் குடும்ப நீதிமன்றங்களில் குடும்பச் சட்டத் தகவல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இலவசமாக விளக்கம் கேட்கலாம். ஏற்கனவே நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் அதன் பிரதியைக் கொண்டுபோங்கள். பயணம் பற்றி அதில் நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் வாசியுங்கள். 2021 மார்ச்சில் கனடாவின் விவாகரத்துச் சட்டம் மாறி, 'பராமரிப்பு உரிமை' என்ற பழைய சொல்லுக்குப் பதிலாக 'தீர்மானம் எடுக்கும் பொறுப்பு' என்ற சொல் வந்திருக்கிறது. உங்கள் பழைய தீர்ப்பு அதனால் செல்லாமல் போகாது.

தகப்பனோ தாயோ இறந்திருந்தால் மரணச் சான்றிதழின் பிரதியைக் கொண்டுபோங்கள். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். எங்களுக்குள் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கணவன் இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத சகோதரிகள். மரணச் சான்றிதழ் எடுக்க அவர்களுக்கு மனம் வராது. அதை யாரும் வற்புறுத்தவும் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, இலங்கையில் இறந்தவர் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அது இருந்தால் அதையும், கணவரின் நிலையை விளக்கி இங்கே முடித்த சத்தியக் கடதாசி ஒன்றையும் வைத்திருங்கள். ஒவ்வொரு எல்லையிலும் புதிதாக அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லி அழவேண்டி வராது.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளோடும் பேசுங்கள். எங்கே போகிறோம், எத்தனை நாள், அப்பா ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால் பயப்படாமல் உண்மையைச் சொல் என்று மட்டும் சொல்லுங்கள்.

போன வருடம் என் மகன் தன் மருமகப்பிள்ளை முறையான சின்னவன் ஒருவனை இங்கிருந்து தங்கையிடம் கூட்டிப்போனான். சின்னவனின் தாய் தகப்பன் இருவரிடமும் கடிதம் கேட்டு வாங்கியவன் அவன்தான். எல்லையில் அதிகாரி கேட்டாராம், இவன் எடுத்துக் கொடுத்தானாம், அவர் வாசித்துவிட்டு "நல்ல பயணமாகட்டும்" என்றாராம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வன்னியில் ஒரு பாஸுக்காக நாங்கள் நாட்கணக்கில் நின்ற ஆட்கள். எங்கள் பிள்ளைகளாவது இரண்டு நிமிடத்தில் போய்வரட்டும்.