உயிரணுவின் தூதுவன்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டின் மூலப் பத்திரத்தை ஊரிலேயே பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நகலை மட்டும் கையோடு கொண்டு வருகிறோம். நகல் கிழிந்தாலும் மூலத்துக்குக் கேடில்லை. இதே ஏற்பாட்டை இயற்கை நம் உடலிலும் செய்திருக்கிறது.

உயிரணுவின் உள்ளே உட்கரு என்னும் அறை இருக்கிறது. நம் பரம்பரைக் குறிப்புகள் டி.என்.ஏ. வடிவில் பெரும்பாலும் அங்கேதான் காக்கப்படுகின்றன. புரதங்களை உருவாக்கும் ரைபோசோம்களோ அறைக்கு வெளியே உள்ளன. ஆகவே, வேண்டிய குறிப்பு மட்டும் நகலெடுக்கப்பட்டு வெளியே செல்கிறது. அந்த நகலே தூது ஆர்.என்.ஏ. சிட்னி பிரென்னர் முதலிய விஞ்ஞானிகள் 1961-ஆம் ஆண்டில் இதனைச் சோதனையால் நிலைநாட்டினர். தூதின் ஆயுள் குறுகியது. பணி முடிந்ததும் அது சிதைந்துவிடும்.

இந்தத் தூதை நாமே எழுதி அனுப்பினால் என்ன? ஹங்கேரியில் பிறந்து, 1985-இல் அமெரிக்காவில் குடியேறிய காட்டலின் கரிக்கோ இவ்வினாவை விடாது பற்றினார். பொருளுதவி கிட்டவில்லை, பதவியும் இறக்கப்பட்டது. வெளியிலிருந்து செலுத்தும் தூதை உடல் பகையெனக் கருதி அழற்சி கொண்டது. அதன் எழுத்துகளுள் ஒன்றைச் சிறிது மாற்றினால் அழற்சி அடங்கும் என்பதை அவரும் டுரூ வைஸ்மனும் 2005-இல் வெளியிட்டனர். 2023-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

2020 டிசம்பரில் கொரோனாவுக்கு எதிராக இவ்வகைத் தடுப்பூசி வழக்கத்திற்கு வந்தது. அதில் கிருமி இல்லை. கிருமியின் முட்புரதத்துக்கான குறிப்பு மட்டுமே கொழுப்புத் துளியில் பொதியப்பட்டுள்ளது. நம் உயிரணு அப்புரதத்தைச் செய்கிறது. எதிர்ப்புப் படை அதன் அடையாளத்தைக் கற்றுக்கொள்கிறது. புனே நகரில் உருவான இத்தகைய தடுப்பூசி ஒன்று 2022-இல் இந்தியாவில் அவசர அனுமதி பெற்றது. வேறு சில ஊசிகளுக்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது. இதனை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்தாலே போதும்.

“இது நம் பரம்பரையையே மாற்றிவிடுமோ?” என்று பலர் அஞ்சினர். அத்தூது உட்கருவுக்குள் நுழைவதில்லை; மூலக் குறிப்பைத் திருத்துவதும் இல்லை. கைவலியும் காய்ச்சலும் வரலாம். அரிதாக, குறிப்பாக இளைஞர்களுக்கு, இதயத் தசையில் அழற்சி ஏற்பட்டதும் உண்டு. இவற்றை மறைக்க வேண்டுவதில்லை. உண்மையான இடரையும் வெறும் வதந்தியையும் பிரித்தறிந்து, ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேட்டுத் தெளிவோமாக.