தர்பார்ப் பதக்கம்



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரெயில்வேயில் பேரேடு எழுதும் குமாஸ்தா நான். சரித்திரம் பேச எனக்கு அருகதை உண்டோ என்று நீங்கள் ஐயுறலாம். எங்கள் வீட்டுப் பூசையறையில் உள்ள ஒரு வெள்ளிப் பதக்கமே என்னை இம்மேடையில் ஏற்றியது.

பட்டாளத்தில் இருந்த என் அன்னையாரின் பாட்டனார், ஜெர்மன் சண்டையில் காட்டிய வீரத்துக்காகப் பெற்ற பரிசு அது என்பது எங்கள் குடும்பத்தார் நம்பிக்கை. அன்னையார் அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். சென்ற ஆண்டு என் மகன், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை.

ஆராயத் தொடங்கினேன். பதக்கம் ஒன்றரை அங்குல அகலமுள்ளது. ஒருபுறம், மலர் வளையத்தின் நடுவே முடி தரித்த அரசரும் அரசியும். மறுபுறம் பாரசீக எழுத்து. உருது கற்ற அலுவலக நண்பர் ஒருவர் அதைப் படித்துச் சொன்னார். இந்தியச் சக்கரவர்த்தி ஐந்தாம் ஜார்ஜின் தர்பார் என்பதே அதன் சாரம். ஆக, 1911 டிசம்பர் 12-ஆம் நாள் இதே தில்லியில் நடந்த தர்பாரின் நினைவுப் பதக்கம் அது! ஜெர்மன் சண்டை மூண்டதோ 1914-இல். அப்போரில் பணியாற்றியவர்கட்கு அளித்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவர் பெயர் இருக்கும். தர்பார்ப் பதக்கமோ பெயர் பொறிக்காமலே வழங்கப்பட்டது. பொற்பதக்கம் சுமார் 200 பேருக்கு, மன்னர்கட்கும் பேரதிகாரிகட்கும். வெள்ளிப் பதக்கம் 26,000-க்கு மேற்பட்ட படைவீரர்கட்கும் அலுவலர்கட்கும்.

இவ்வுண்மையை அன்னையாரிடம் சொல்வதா, மறைப்பதா? மூன்று இரவு உறக்கமில்லை. இறுதியில் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், "ஓர் உயிரையும் கொல்லாமல் வந்ததா? அப்படியானால் பூசையறையிலேயே இருக்கட்டும்" என்றார்.

அன்பர்களே! அந்தத் தர்பாரில்தான், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அரசர் அறிவித்தார். தலைநகர் வந்தது, காரியாலயங்கள் வந்தன, எழுத்து வேலை நாடி நம் முன்னோரும் வந்தனர். நாம் இங்கே கூடியிருப்பதற்கும் அந்நாள் ஒரு காரணம். அவ்வரசு போயிற்று. இந்தியா கேட் அருகே நின்ற அவ்வரசரின் சிலையும் 1960-களில் அகற்றப்பட்டு, பின்னர் தர்பார் நடந்த அதே திடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்று வேண்டுகிறேன். பதக்கம் நிகழ்ச்சியைச் சொல்லும். பெற்றவர் பெயரைச் சொல்லாது. அதை நாம்தான் எழுதி வைத்தல் வேண்டும். பாட்டனாரின் பெயர், ஊர், "போர்ப் பரிசன்று" என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பதக்கத்தோடு வைத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பழம் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். விவரம் அறிந்த பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.